காப்புத் தயிர்

சிவரஞ்சனியின் ஊரில் ஈரல் புற்றுநோயால் யாரும் செத்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. மாவட்ட ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கென்றே இருந்த வார்டைப் பிரசவ வார்டாக மாற்றிவிட்டிருந்தார்கள். அதனால் டாக்டர் அமலோற்பவம் திரையில் தெரிந்த ஒரு வெளிறிய வட்டத்தைக் காட்டி, "இதுதாங்க. நெல்லிக்காய் அளவு இருக்கு" என்று சொன்னபோது, வேறு யாருடைய படத்தையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் சிவரஞ்சனி நினைத்தாள்.

அவள் கணவன் ஜெயவேலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "என் பேர சரியா பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டான். "நாங்க தயிரு சாப்புடுறவங்க."

அமலோற்பவம் படத்தின் மூலையில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

அந்தத் தயிரை உண்டாக்கியதே அமலோற்பவம்தான். நிலக்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, விளைகிற வட்டாரம் அது. மழை பிந்தினாலும் முந்தினாலும் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் விஷம் எண்ணெயிலும் சட்னியிலும் கலந்து ஈரலில் போய் உட்காரும். போதாததற்குத் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்த காமாலைக் கிருமி வேறு. இரண்டும் சேர்ந்து தெருவுக்கு இரண்டு பேரையாவது கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஈரலுக்கு நல்லது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரைத்துக் குடித்த சாறு அரை நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். அமலோற்பவத்தின் குழு அந்தச் செடிகளின் சத்தைத் தானே சுரக்கும்படி ஒரு தயிர்க் கிருமியை மாற்றி அமைத்தது. குடலுக்குள் போனால் அங்கேயே குடியேறி, இரவும் பகலும் சுரந்துகொண்டிருக்கும்.

பால் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டுத் தயிர் அடுத்த வீட்டுக்கு உறைமோராகப் போனது. கல்யாணப் பந்தியில் போனது, ஓட்டல் மோரில் போனது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பெண்ணோடு போனது. காப்புத் தயிர் என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். சாவு குறைந்தது.

அந்தத் தயிருக்காக எல்லோரையும்விட அதிகம் நன்றிக்கடன் பட்டவள் சிவரஞ்சனி. பிறக்கும்போதே காமாலைக் கிருமியோடு பிறந்தவள். அவள் அம்மாவும் அண்ணனும் ஈரல் புற்றில்தான் போனார்கள், இருவருமே நாற்பதைத் தொடவில்லை. மாத்திரை போட்டுக் கிருமியை அடக்கி வைத்திருந்தாலும், வலது விலாவின் கீழே லேசாக இழுத்தால்கூட அவள் அங்கே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். தயிர் வந்த பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். டவுன் பஸ் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டதும் அதற்குப் பிறகுதான். இப்போது நாற்பத்து நாலு வயது. சாக வேண்டிய வயதைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று டிப்போவில் சிரித்தபடி சொல்லுவாள்.

"தயிரு இருந்தும் எப்படி வந்துச்சு?" என்று இப்போது அவள்தான் கேட்டாள்.

"தயிருக்கு முன்னாடியே வந்திருக்கு" என்றார் அமலோற்பவம். "இவரு மண்டியில என்ன வேலை பாக்குறாரு?"

"ஏலம் எடுப்பேன்" என்றான் ஜெயவேல். "மூட்டைக்கு ஒரு மல்லாட்டைய வாயில போட்டு மென்னு பாப்பேன். எண்ணெ எவ்ளோ கட்டும்னு நாக்கே சொல்லிடும். இருவது வருசமா அதான்."

"அதுலதான் விதை விழுந்திருக்கு. ஒரு கடுகளவு. அப்ப எந்த ஸ்கேன்லயும் தெரிஞ்சிருக்காது. அதுக்கப்புறம் தயிர் சாப்பிட ஆரம்பிச்சிருக்கீங்க."

"தயிரு அத அழிச்சிருக்கணும்ல?"

அமலோற்பவம் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். இதை ஏற்கெனவே பலருக்குச் சொல்லிப் பழகியவர் என்பது அவர் குரலில் தெரிந்தது.

"ஈரல் நாள் முழுக்க விஷத்தை எரிச்சுகிட்டே இருக்கும்மா. எரியற இடத்துல பொறி பறக்கும் இல்லையா? அந்தப் பொறி பட்டுப் பட்டுத்தான் நல்ல செல் கெட்டுப் புத்தாகுது. நாங்க குடுத்த செடிச்சத்து அந்தப் பொறிய அணைச்சிடுது. ஆனா தண்ணி தெளிக்கிறவனுக்கு நல்லவன் வீடு, கெட்டவன் வீடுன்னு தெரியாது. ஏற்கெனவே புத்தான செல்லு ஒண்ணு உள்ள இருந்தா, அதையும் சேத்துக் காப்பாத்தும். தானா கருகிப்போக வேண்டிய புத்து, நல்லாப் பிழைச்சு வளரும்."

"அப்ப மருந்து குடுத்துக் கொல்லுங்க" என்றாள் சிவரஞ்சனி.

"குடுப்போம். ஆனா எங்க மருந்தும் பொறிய உண்டாக்கித்தான் கொல்லும். அதையும் இது அணைக்கும்."

முதலில் குடல் கிருமியைக் கழுவினார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் மாத்திரை, கஞ்சி மட்டும்தான் சாப்பாடு. சோதனையில் சுத்தம் என்று வந்ததும் ஊசி போட ஆரம்பித்தார்கள். அடுத்த ஊசிக்குப் போனபோது கிருமி மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் தயிரை நிறுத்தினார்கள், பாத்திரங்களை மாற்றினார்கள், மறுபடி கழுவினார்கள். மறுபடி வந்தது.

"எங்கேருந்துதான் வருது?" என்று ஜெயவேல் அலுத்துப்போய்க் கேட்டான். "நான் மோருகூட தொடலியே."

"நீங்க டீ குடிச்ச கிளாஸ்ல இருந்து வரும். மண்டிக்கு வர்றவங்க கையில இருந்து வரும். உங்க வீட்டுக்காரம்மா கையில இருந்து வரும்" என்றார் அமலோற்பவம். "இத நிறுத்துறதுக்கு ஒரு வழிய உள்ளயே வெச்சுச் செஞ்சிருக்கலாம். வெச்சா இப்படி வீட்டுக்கு வீடு பரவாது, வருசா வருசம் நாமதான் குடுத்துகிட்டே இருக்கணும்னு ஆச்சு. பரவட்டும்னு நெனச்சோம். நானும்தான் நெனச்சேன்."

"இந்த மாதிரி எத்தன பேருக்கு வந்திருக்கு?" என்று சிவரஞ்சனி கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரையும் சேத்து முப்பத்தாறு பேரு. தயிர் வராம இருந்திருந்தா இத்தனை வருசத்துல ரெண்டாயிரம் பேருக்கு மேல போயிருப்பாங்க."

"இத ஊருக்குச் சொல்லலியே நீங்க."

"ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டியிருக்கும்மா, யாரும் படிக்கல. மைக் வெச்சுச் சொன்னா எல்லாரும் பயந்து தயிர நிறுத்துவாங்க. அப்புறம் அந்த ரெண்டாயிரம் பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சிவரஞ்சனிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த இரண்டாயிரம் பேரில் தானும் ஒருத்தி என்பது கூடவே நினைவுக்கு வந்ததால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வழி ஒன்று இருந்தது. நீலகிரியில், கோத்தகிரிக்கு மேலே, மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக் குடியிருப்பாக மாற்றியிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் கிருமியைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். சமையல்காரர், நர்ஸ், தோட்டக்காரர் எல்லோருக்கும் அதே விதி. அமலோற்பவமும் கழுவிக்கொண்டு அங்கேயே குடியேறப்போவதாகச் சொன்னார். அங்கே இருந்து மருந்து எடுத்துக்கொண்டால் பிடிக்கும். கட்டி கரைந்த பிறகும் ஐந்து வருடமாவது வெளியே வரக் கூடாது. ஒரு துளி மிச்சமிருந்தாலும் காப்பு அதை மறுபடி வளர்த்துவிடும்.

"வீட்டுல இருக்கறவங்க கூட வந்து தங்கலாம்" என்றார் அமலோற்பவம். "ஆனா அவங்களும் கழுவணும். உள்ள இருக்கற வரைக்கும் அவங்களுக்குக் காப்பு இருக்காது." சிவரஞ்சனியைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "உங்க குடும்பத்துக்கு அது சின்ன விசயம் இல்லம்மா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

சிவரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"அவ வர மாட்டா மேடம்" என்றான் ஜெயவேல். "நான் மட்டுந்தான். எழுதிக்குங்க."

வீட்டுக்கு வந்து அவனுடைய சட்டைகளை மடித்து வைக்கும்போது, "நானும் வரேன் மாமா" என்று அவள் சொன்னாள். சட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பேசாம இரு. உங்கம்மா எப்புடிப் போனாங்கன்னு நானும் பாத்தவன்தான். அங்க வந்து நீயும் படுத்தா என்னா பண்றது?"

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அவன் வேண்டாம் என்றதில் தனக்கு நிம்மதியாக இருந்ததை அவள் உணர்ந்தாள். அதைக் கவனிக்காதவள் போலச் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலை வியாபாரம் என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் தெருவே அவளைத் தயிருக்கு எதிரி என்று பார்க்கும். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் இப்படித்தான் உண்மையைச் சொல்லப்போய், அவர் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. அந்த மலைக் குடியிருப்புக்கு ஊரில் 'மோரில்லா மடம்' என்று பெயர். சிரிப்பதற்கு மட்டுமே அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் தூக்குச் சட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டு உறைமோரு. கெட்டியா விழும். எங்க நாத்தனாரு வெளியூரு, அங்க இன்னும் காப்பு வர்ல, அதான் எடுத்துனு போறேன்." சிவரஞ்சனி கண்ணாடியில் அந்தச் சட்டியைப் பார்த்தாள். நாத்தனாரின் வீட்டில் யாருக்காவது கடுகளவு விதை விழுந்திருக்குமா என்று நினைத்தாள். விழாதவர்கள் எத்தனை பேர் என்றும் நினைத்தாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும், "பாத்து எறங்கும்மா, கொட்டிடப்போவுது" என்று மட்டும் சொன்னாள்.

மாதம் ஒரு முறை மலைக்குப் போனாள். பார்வையாளர் அறையில் நடுவே கண்ணாடிச் சுவர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஒலிவாங்கி. முதல் மாதங்களில் ஜெயவேலின் கன்னம் ஒட்டிப்போய், தலைமுடி கொட்டிப்போய் இருந்தது. பிறகு முடி வந்தது, நரையாக வந்தது. கட்டி நெல்லிக்காயிலிருந்து சுண்டைக்காயானது, அப்புறம் மிளகானது, இரண்டாவது வருடத்தின் முடிவில் படத்தில் காணவில்லை. அன்று இருவரும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அடுத்த முறை போனபோது அவன் சாதாரணமாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். "இந்த மழையில நம்ம வூட்டுல மாடி ஒழுவுது ரஞ்சனி. ரெண்டு தகரத்தப் போட்டு நானும் தோட்டக்காரரும் அடச்சோம்."

"ஒழுவலியே" என்றாள் அவள். "நேத்துகூட பெஞ்சுது. நல்லாத்தான் இருக்குது."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் 'நம்ம வூடு' என்று சொன்னது இந்த மலைக் குடியிருப்பை. அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒலிவாங்கியின் வயரைச் சரிசெய்தான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று பஸ்ஸில் திரும்பும்போது அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கால் மட்டும் தானாக, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தது.

கட்டி கரைந்தாலும் இன்னும் ஐந்து வருடம் அவன் உள்ளே இருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் அவன் அங்கத்து ஆளாகவே ஆகிவிடுவான். காப்பைக் கழுவிவிட்டால் அவள் ஈரல் கெட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை நிச்சயமாகப் போய்க்கொண்டிருந்தது, அவள் கண் முன்னாலேயே.

டிப்போவில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பையோடு மலைக்குப் போனாள். ஜெயவேலிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பான். வாசலை ஒட்டியிருந்த புறநோயாளி அறையில் அமலோற்பவம் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். ரொம்ப மூப்புத் தெரிந்தது.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். மாத்திரையக் குடுங்க."

"மொதல்ல சோதனை பண்ணணும். எவ்வளவு கிருமி இருக்குன்னு பாத்துத்தான் மாத்திரை அளவு."

மறுநாள் காலையில் முடிவு வந்தது. அமலோற்பவம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றார். "ராத்திரியே ஒரு தடவ பாத்தேன். சந்தேகமா இருந்துது, இன்னொரு தடவ பாத்தேன்" என்றார்.

"நெறைய இருக்குதா?"

"ஒண்ணுமே இல்லம்மா. உங்க குடல்ல அந்தக் கிருமி இல்ல."

"மூணு வேளையும் தயிருதான் சாப்புடுறேன். நேத்து பஸ் ஏறும்போதுகூட சாப்புட்டேன்."

"சாப்பிட்டது எதுவும் தங்காம உள்ளயே செத்துப்போயிருக்கு. சில பேரு குடல்ல ஏற்கெனவே இருக்கற கிருமிங்க புதுசா எதையும் உள்ள விடாது. ரொம்பக் கொஞ்சம் பேருதான் அப்படி. உங்களுக்குள்ள அது ஒரு நாளும் குடியேறியிருக்காது."

சிவரஞ்சனி அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அப்ப எனக்குக் காப்பே கெடையாது."

"இல்ல."

"இத்தன வருசமும்?"

"இத்தனை வருசமும் நீங்க நல்லா இருந்தது உங்க மாத்திரையாலயும் உங்க அதிர்ஷ்டத்தாலயும்தான்."

வெளியே யாரோ தொட்டியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவள் கேட்டாள்: "அப்படின்னா அன்னைக்கே நான் இவருகூட வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"அன்னைக்கே ஏன் என்னச் சோதிச்சுப் பாக்கல?"

"உங்க ஊர்ல யாரைப் பாத்தாலும் இருந்துச்சும்மா. உங்களைத் தனியாப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல." அமலோற்பவம் முகமூடியைக் கழற்றினார். இனி அதற்கு அவசியம் இருக்கவில்லை. "பாத்திருக்கணும். என்ன மன்னிச்சுக்குங்க."

மன்னிப்பதா கூடாதா என்று சிவரஞ்சனிக்கு அப்போது தோன்றவில்லை. கைகளையும் பையையும் மட்டும் சுத்தம் செய்யச் சொன்னார்கள். இரண்டு நாள் மட்டும் தனி அறையில் வைத்திருந்து, மறுபடி சோதித்துவிட்டு, உள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஜெயவேல் தொழிற்சாலையின் பின்புறம், இலை காய வைக்கும் பழைய கூடத்தின் படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கத்தியை முறத்தில் வைத்தான்.

"யாரு உன்ன உள்ள விட்டது?" என்றான். "போ ரஞ்சனி. இன்னிக்கே கெளம்பிப் போ. ஊருக்குப் போனா கழுவுன கிருமி திரும்ப ஒட்டிக்கும், ஒண்ணும் ஆவாது. போயிடு."

"கழுவல" என்றாள் அவள். "கழுவறதுக்கு எனக்குள்ள ஒண்ணுமே இல்லியாம்."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அந்த இரண்டு நாளும் யோசித்திருந்தாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவன் இரண்டு வருடம் தனியாகக் கிடந்தான். அதைப் போய் அவனிடமிருந்து பிடுங்குவதா என்று இருந்தது. ஆனால் அவனுக்காக எதையோ இழந்துவிட்டு வந்தவள் போல அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

ஜெயவேல் முழுவதையும் கேட்டான். பிறகு, "அப்ப என்னால உனக்கு ஒண்ணும் போவலியே" என்றான். நிம்மதியாகத்தான் சொன்னான்.

"ரெண்டு வருசம் போச்சு மாமா."

"ம்."

"இன்னொண்ணும் சொல்லணும். நீங்க தடுத்தீங்கன்னு நான் வராம இருக்கல. எனக்குப் பயமா இருந்துது. நீங்க வேணாம்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துது எனக்கு."

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டரு கேட்டதும் உன் மூஞ்சியத்தான் பாத்தேன்" என்றான் அவன். முறத்திலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தான். "நீ வாயத் தொறந்தா வரேன்னுதான் சொல்லியிருப்ப. சொல்லிட்டு இங்க வந்து தெனம் விலாவத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு ஒக்காந்திருப்ப. அதப் பாத்துகினு என்னால மருந்து சாப்புட முடியாது. அதான் நீ சொல்றதுக்குள்ள நான் முந்திகிட்டேன்."

சிவரஞ்சனி கத்தியை எடுத்து மிச்சம் இருந்த பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள். அவன் நார் உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து சமையல்காரர் வந்து, ஆள் கூடிவிட்டதைப் பார்த்து, இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போடச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அங்கேயே தங்கிவிட்டாள். குடியிருப்பின் வேனை ஓட்டும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வேலி வரைக்கும் வந்து இறங்கும் காய்கறியையும் மருந்தையும் உள்ளே கொண்டுவருவதுதான் வேலை, நாலு வளைவுதான் தூரம். அமலோற்பவம், வேண்டும்போது நிறுத்திவிடும் வழியை உள்ளேயே வைத்த புதிய கிருமி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அது வந்தால் அவள் குடலிலும் தங்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

அந்தப் பனிக்காலத்தில் அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஊரில் இருந்தபோது தயிரை நம்பி அவள் ஸ்கேன் எடுப்பதையே விட்டிருந்தாள். குளிர்ந்த பசையைத் தடவி, விலாவின் கீழே கருவியை வைத்து அழுத்தி, அமலோற்பவம் திரையை வெகு நேரம் பார்த்தார். சிவரஞ்சனி கூரையில் இருந்த பழைய இரும்புச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அமலோற்பவம்.

வெளியே பெஞ்சில் ஜெயவேல் காத்திருந்தான்.

"என்னா சொன்னாங்க?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லியாம்."

"எனக்கும் அதத்தான் சொல்றாங்க" என்று அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.